'மொதல்ல குடிய விட்டுட்டு வா'

மனம் கலங்கிய ஒருத்தனைச் சேரியிலிருந்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா தோழர்களே? போனவர்களுக்கு இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். மருத்துவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மூக்கைச் சுளித்து, ஓ.பி. சீட்டில் ஒரு வரி கிறுக்கிவிட்டுச் சொல்லுவார்: "மொதல்ல குடிய விட்டுட்டு வா. அப்புறம் மத்தத பாக்கலாம்." சரி, குடியை விடுவோம் என்று போதை மறுவாழ்வு மையத்துக்குப் போனால் அங்கே வேறொரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: "இவருக்கு மூளை சரியில்ல. மொதல்ல அத சரிபண்ணிட்டு வாங்க." ரெண்டு பேருமே 'மொதல்ல' என்கிறார்கள். ரெண்டாவதைப் பார்ப்பதற்கு நாட்டில் ஆளே கிடையாது. இந்த ரெண்டு 'மொதல்ல'வுக்கும் நடுவில் ரோட்டில் கிடந்து செத்துப்போகிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை. சரக்கு நெடி இல்லாமல் அந்த நெடிக்குள் இறங்க முடியாது என்பான். மேஸ்திரியே வேலைக்கு முன்னால் ஒரு கட்டிங்குக்குக் காசு கொடுத்துவிட்டு, சாயங்காலம் கூலியில் பிடித்துக்கொள்வான். அண்ணனுக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது எப்போது, குடி முற்றியது எப்போது, எது முந்தி எது பிந்தி என்று அண்ணிக்கே சொல்லத் தெரியாது. ஊர்த்தெரு ஆட்கள் தன்னை வெட்ட வருகிறார்கள் என்று குரல் சொல்லும். (எங்க ஊரில் அது முழுக்கப் பொய்யும் இல்லை. இதை மருத்துவரிடம் விளக்க முடியாது.) குரல் அடங்கத்தான் குடிக்கிறேன் என்பான். குடித்தால் ராத்திரி தூங்குவான், விடிந்தால் குரல் இன்னும் சத்தமாகக் கேட்கும். மாத்திரை கொடுத்திருந்தார்கள். "மாத்திரையும் சரக்கும் சேந்தா செத்துருவ" என்று யாரோ சொல்லிவிட்டதால், குடிக்கிற நாளில் மாத்திரையை நிறுத்திவிடுவான். குடிக்காத நாள் எது?

மருத்துவமனையில் முதல் வாக்கியத்தைச் சொன்னார்கள். கூட இருந்த நர்சம்மா, "இவங்க ஜனமே இப்பிடித்தான்" என்று காதுபட ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னது. அண்ணி காதுத் தோட்டை அடகு வைத்து ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் முன்பணம் கட்டியது. உள்ளே போனதும் சரக்கை ஒரேயடியாக நிறுத்தினார்கள். மருந்து கிடையாது, தியானம் உண்டு. மூணாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று தோலைப் பிய்த்துக்கொண்டான். நாள் தெரியவில்லை, இடம் தெரியவில்லை, வேர்த்து ஊற்றுகிறது, கை கால் உதறுகிறது. கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். நாலாம் நாள், "மெண்டல் கேஸ் எங்களுக்கு ஆகாது" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை. தோடு கடையிலேயே முழுகிப்போனது.

அந்த மூணாம் நாள் ராத்திரியில் அவனுக்கு வந்தது பேயும் இல்லை, பழைய மனநோயும் இல்லை. வருஷக்கணக்காகச் சாராயத்துக்குப் பழகிய நரம்பு மண்டலம், அது திடீரென்று நின்றால் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்து சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடுவான். இதற்கு வைத்தியம் ஒன்றும் அமெரிக்காவில் இல்லை. படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கிற சில நாள் மாத்திரையும், பி1 வைட்டமின் ஊசியும், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் கண்காணிக்க ஒரு ஆளும் வேண்டும். நம்ம ஊர்களில் சோறு தண்ணி இல்லாமல் நாலு நாள் குடித்துக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனால் உடனே 'குளுக்கோஸ் பாட்டில்' ஏற்றுவார்கள். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றுவதே சில பேருக்கு மூளையைக் கெடுத்துவிடும். கண் ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவன் 'குடிச்சுக் குடிச்சு லூசானவன்' என்று பேரெடுப்பான். அதைக் கெடுத்தது எந்தப் பாட்டில் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

மருத்துவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாதம் இது: குடியே மனச்சோர்வை உண்டாக்கும், குடியே குரலைக் கேட்க வைக்கும், ஆகவே குடியை நிறுத்தி 2 வாரம் 4 வாரம் பார்த்தால்தான் மிச்சம் இருப்பது என்ன நோய் என்று தெரியும். வாதத்தில் பிழை இல்லை. நிறையப் பேருக்குக் குடி நின்ற சில வாரத்தில் சோர்வு தெளிந்துவிடுவது உண்மைதான். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 4 வாரம் அவன் எங்கே இருக்க வேண்டும்? உன் வார்டில் கட்டில் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்து, நோய்க்கு என்ன பேர் என்று மெதுவாகத் தீர்மானி. யார் வேண்டாம் என்றது? அவனை டாஸ்மாக் கடைக்கு எதிரில் இருக்கிற பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு, '4 வாரம் குடிக்காம இருந்துட்டு வா' என்று சொல்வதற்குப் பேர் நோயறிதல் இல்லை, கழித்துக்கட்டுதல். காசநோய்க்காரனைப் பார்த்து, 'மொதல்ல இருமல நிறுத்திட்டு வா' என்று எந்த மருத்துவராவது சொல்லியிருக்கிறாரா?

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற வைத்தியம் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. இருக்கிறது. காசு உள்ளவனுக்கு இருக்கிறது. பட்டணத்துத் தனியார் மனநல மருத்துவமனையில், மேல்சாதிக்காரன் பிள்ளை விஸ்கி குடித்து மனம் சோர்ந்து வந்தால் குளிர்சாதன அறையில் படுக்க வைத்து, ஒரே மருத்துவர் ரெண்டு நோயையும் பார்க்கிறார். அங்கே யாரும் 'மொதல்ல' என்று சொல்வதில்லை. அந்தப் பிள்ளைக்கு 'ஸ்ட்ரெஸ்'. எங்க அண்ணனுக்குக் 'குடி'. ஒரே சாராயம், ஒரே மூளை. ஒருத்தன் நோயாளி, இன்னொருத்தன் ஒழுக்கங்கெட்டவன். குடி நம்ம பிறவிக் குணம் என்று நம்புகிற ஒரு சமூகத்தில், நம்ம ஆளுடைய மனநோய் கண்ணுக்கே தெரியாது. அவன் அழுதாலும் போதை, சிரித்தாலும் போதை, தூக்கு மாட்டிக்கொண்டாலும் போதையில் செய்துகொண்டான் என்றுதான் போலீஸ் எழுதும். பார்ப்பனியம் மருத்துவக் கல்லூரிக்குள் எப்படி வேலை செய்கிறது என்று தேடுகிற மாணவத் தோழர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம்.

அரசாங்கத்தின் கதை இதைவிட விசித்திரம். டாஸ்மாக் 1983இல் மொத்த வியாபாரத்துக்காக வந்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் இதன் வழியாக வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதைப் பார்த்துக்கொள்கிற துறையின் பேர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சிரிக்காதீர்கள், பேர் அதுதான். இந்தப் பக்கம் விற்கிறவன் ஒரே கை. அந்தப் பக்கம் வைத்தியம் பார்க்கிற கையை மட்டும் ரெண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மனநல மருத்துவமனைகளும் மாவட்ட மனநலத் திட்டமும் சுகாதாரத் துறையில். தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற போதை மறுவாழ்வு மையங்களுக்குக் காசு கொடுப்பதோ ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம். ஆமாம், தாழ்த்தப்பட்டோர் நலனைப் பார்க்கிற அதே அமைச்சகம்தான். தலித்தையும் குடிகாரனையும் ஒரே அமைச்சகத்தில் வைக்கத் தோன்றியவர்களுக்கு, குடிகாரனையும் மனநோயாளியையும் ஒரே வார்டில் வைக்கத் தோன்றவில்லை. சுகாதாரத் துறையும் சில அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு வார்டு நடத்துகிறது. 2025இல் தமிழக அரசு இன்னும் சில மையங்களைத் திறந்திருக்கிறது. வரட்டும், நல்லது. ஒரே சீட்டில் ரெண்டு நோயையும் எழுதுகிறார்களா என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் கைதட்டுவேன்.

கணக்கு வேண்டுமென்றால் அவர்கள் கணக்கையே தருகிறேன். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி குடிநோய் உள்ள 100 பேரில் 86 பேருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை. 2019இல் அதே சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் கொடுத்த அறிக்கை, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறது. மற்ற 37 பேரும் எங்கே போகிறார்கள்? கோயிலுக்குப் போகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், பேய் ஓட்டுகிறார்கள். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்க' என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிற ஆளிடம் பொடி வாங்கிச் சோற்றில் கலக்கிறார்கள். அதில் டைசல்ஃபிரம் இருந்து, அது தெரியாமல் மேலே ஒரு குவார்ட்டர் போட்டால் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் விழுந்துவிடுவான். மனச்சிதைவு உள்ளவனுக்கு அந்த மருந்தே நோயைக் கிளறிவிடும். எந்தக் கதவும் திறக்காவிட்டால் கடைசியில் சங்கிலிதான். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் 28 பேர் எரிந்து செத்தார்கள். சங்கிலியோடு இருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை.

இனி நம்ம பக்கம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கூலிக்காரர்கள். அதே ஆண்டு அக்டோபர் 2இல் விடுதலைச் சிறுத்தைகள் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மாநாடு நடத்தினார்கள். கடைகளை மூடு என்பது நியாயமான கோரிக்கை. அடிவாங்குகிற பெண்களிடமிருந்து வந்த கோரிக்கை அது. அதைக் கேலி பேசுகிற நடுத்தர வர்க்க அறிவாளிகளோடு எனக்குப் பேச்சு இல்லை. ஆனால் கடை மூடின மறுநாள் என்ன நடக்கும் என்று நமக்கு ஏற்கெனவே ஒரு முறை காட்டிவிட்டார்கள். 2020 மார்ச் 24 சாயங்காலம் கடைகளை மூடினார்கள். வாரக்கணக்காகப் பூட்டு. அந்த நாட்களில் கை நடுக்கம் தாங்காமல் வார்னிஷைக் குடித்தவன், சவரம் செய்துவிட்டுப் பூசுகிற லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்தவன், வலிப்பு வந்து விழுந்தவன் என்று வரிசையாகச் சேதி வந்தது. மே மாதம் கதவைத் திறந்தார்கள், ஊரே வரிசையில் நின்றது. அந்த ஆறு வாரத்தில் எந்த அரசியல் கட்சியும், நம்முடையதும் சேர்த்துத்தான், 'நடுங்குகிறவனுக்கு மருந்து கொடு, படுக்கை கொடு' என்று ஒரு சுவரொட்டிகூட ஒட்டி நான் பார்க்கவில்லை.

இயக்கத்துக்குள் இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. குடிக்கிற தோழரைக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்புவது, பொறுப்பிலிருந்து எடுப்பது. கேட்டால் பாபாசாகேப் பேரைச் சொல்வார்கள். 1956இல் நாகபுரியில் அவர் மக்களை எடுக்க வைத்த 22 உறுதிமொழிகளில் குடிக்கமாட்டேன் என்பதும் ஒன்று. அது ஒரு மக்கள் கூட்டம் நிமிர்ந்து நிற்பதற்காக எடுத்த உறுதிமொழி. நோயாளியை வாசலில் நிறுத்துவதற்குக் கொடுத்த தடி இல்லை. கட்சி அலுவலகத்திலும், 'மொதல்ல குடிய விட்டுட்டு வா' என்றால் மருத்துவமனைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு கோஷ்டி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பூக்கோ 1961இல் பைத்தியத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாலும் எழுதினார், 'மனநோய் என்பதே அதிகாரம் கட்டமைத்த சொல்லாடல் தோழர்' என்று டீக்கடையில் ஆரம்பித்துவிடுகிறார்கள். படியுங்கள், நானும் படித்தவன்தான். மருத்துவத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. இவ்வளவு நேரம் நான் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஆனால் விடியற்காலை 3 மணிக்கு இல்லாத பூச்சியைத் தோலோடு பிய்க்கிறவனை ஒருநாள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். ஐரோப்பாவில் ஆட்களைப் பிடித்து அடைத்த கதை அது. நம்ம கதையில் நம்மை அடைக்கக்கூட இல்லை, வாசலிலேயே திருப்பி அனுப்புகிறான்.

வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போகிற உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். எரிந்த வீடு எத்தனை, உடைந்த மண்டை எத்தனை, வழக்கு எந்தப் பிரிவு எல்லாம் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தத் தெருவில் எத்தனை பேருக்குத் தூக்கம் வரவில்லை, தூக்கத்துக்காக எத்தனை பேர் புதிதாகக் குடிக்கிறார்கள் என்பது நான் படித்த எந்த அறிக்கையிலும் இல்லை. பெண்கள் கதை இன்னும் மோசம். ஆம்பளை குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். அடிவாங்கினவளுக்கு வருகிற சோர்வை யாரும் நோய் என்று சொல்வதில்லை. அவளே குடித்தால் முடிந்தது கதை. பெண்களைச் சேர்க்கிற மறுவாழ்வு மையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குப்பை அள்ளுகிற நம்ம அம்மாக்களில் உடம்பு வலிக்குக் குடிக்கிறவர்கள் உண்டு. அதைப் பேசினால் 'இனத்துக்கே கேவலம்' என்று நம்ம ஆம்பளைகளே வாயை மூடுகிறார்கள்.

சேர்த்துப் பார்ப்பது என்றால் என்ன? பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 1980களின் கடைசியிலிருந்தே ஒரே குழு, ஒரே இடம், ரெண்டு நோய் என்று செய்து பார்த்து எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் 2002இல் சுகாதாரத் துறையே, இந்த மாதிரி ஆட்களை மனநலப் பிரிவு தட்டிக்கழிக்கக் கூடாது என்று வழிகாட்டி போட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸில் மனநல மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே போதை சிகிச்சைக்குப் பிரிவு இருக்கிறது. அண்ணனுக்கும் கடைசியில் அப்படி ஒரு இடம் வாய்த்தது. பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரியில் ஒரு இளம் டாக்டரம்மா. "எவ்வளவு குடிப்பீங்கண்ணே, கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டது. அண்ணே என்று கேட்டது. முதல் வாரம் நடுக்கத்துக்கும் பி1க்கும் ஊசி. கூடவே குரலுக்கு மாத்திரை. "குடிச்சாலும் இந்த மாத்திரைய நிறுத்தாதீங்க, குடிச்சிட்டா வந்து எங்கிட்ட சொல்லுங்க, திட்டமாட்டேன்" என்றது. அப்புறம் மாதம் ஒரு தடவை போட்டால் போதும் என்று ஊசிக்கு மாற்றியது. மருத்துவ சமூகப் பணியாளர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, மேஸ்திரியிடம் பேசி, குழி வேலையிலிருந்து தெரு கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார். அண்ணன் இன்றைக்கும் எப்போதாவது குடிக்கிறான். முன்னே மாதிரி இல்லை. குரல் தூரத்தில் கேட்கிறதாம். வேலைக்குப் போகிறான், பொண்ணு பத்தாவது படிக்குது. ஒழுக்கவாதிகளுக்கு இது போதாது. அண்ணிக்குப் போதும்.

வாய்த்தது என்று எழுதினேன். அதிர்ஷ்டத்தால் வாய்க்க வேண்டிய விஷயமா இது? சட்டமே இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்து வருகிற மனநிலைகளையும் உள்ளே சேர்த்திருக்கிறது. ஆகவே, 'குடிகாரன், எங்க பிரிவு இல்ல' என்று மனநலப் பிரிவு சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. 18ஆம் பிரிவு, சாதி உட்பட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழைக்கு அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம். மாவட்டத்தில் குறைந்தபட்ச வசதிகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்க்கிற செலவை அரசு ஏற்க வேண்டும். 95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. சேவைக் குறைபாடு இருந்தால் 28ஆம் பிரிவின்படி முதலில் மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரியிடம், அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் புகார் கொடுக்கலாம். பதிவு இல்லாமல் ஆளை அடைத்து வைத்து அடிக்கிற தனியார் மையங்கள் மீதும் இதே சட்டத்தில் நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்த தோழர்களுக்கு இந்தச் சட்டம் ஒரு வாரப் படிப்பு. படித்துவிட்டு நோயாளியோடு கூடவே போங்கள். தனியாக அனுப்பாதீர்கள். வைத்தியம் பார்க்க மாட்டேன் என்றால், சத்தம் போடாமல், "சார், அத சீட்டுல எழுதிக் குடுத்துருங்க" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் எழுத மாட்டார்கள், படுக்கை வந்துவிடும். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. எங்க மாவட்டத்தில் இதுவரை 7 பேருடைய சீட்டுகளை நகல் எடுத்து வைத்திருக்கிறோம். ஏழிலும் ஏறக்குறைய ஒரே வரி. வாரியத்துக்கு மனு எழுதி முடித்தாயிற்று, அடுத்த வாரம் கொடுக்கப் போகிறோம். உங்கள் பக்கத்துச் சீட்டுகள் இருந்தால், பேரை மறைத்துவிட்டு, தேதியை மட்டும் மறைக்காமல், இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.